எங்கள் வேலி மூலையில் கிடைத்த லைன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு என் கணவருக்குப் பந்திங் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கு மாற்றல் வந்தது. அதுவரை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்தாலும், குணமாகி அவர் வீட்டுக்குக் கிளம்பினாலும், அங்குள்ள கவுண்டரிலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும். நாங்கள் கணினியில் சரிபார்த்து ஒப்புதல் கடிதம் அனுப்பினால்தான் அந்த மனிதர் படுக்கையை விட்டு எழுந்து வீட்டுக்குப் போக முடியும்.

பந்திங்கிலிருந்து தினமும் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் வருவது நடக்கிற காரியமில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். என் டீம் லீடர் நல்ல பெண்மணி. ஒரு மாதம் செய்து பாருங்கள், லைன் அறுந்து போகாமல் இருந்தால் நிரந்தரமாக்கித் தருகிறேன் என்றார். அறுந்து போனால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலையை விட வேண்டும், அல்லது நான் அங்கே ஓர் அறையெடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் மட்டும் கணவரைப் பார்க்க வர வேண்டும். திருமணமாகி ஒன்பது வருடம் கழித்து அப்படி ஒரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எங்களுக்குக் கிடைத்த வீடு, மூன்று பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஒரு தனி வீடு. வாடகைக்கு எடுக்கும் முன் எல்லாவற்றையும் பார்த்தேன். குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா, கூரை ஒழுகுமா, பாம்பு வருமா என்றெல்லாம் விசாரித்தேன். இணையத்தை மட்டும் பார்க்கவில்லை. கைப்பேசியில் இரண்டு கோடு தெரிந்தது, அது போதும் என்று நினைத்துவிட்டேன். நகரத்திலேயே இருந்து பழகியவளுக்கு இணையம் என்பது காற்று மாதிரி, எங்கும் இருக்கும் என்ற எண்ணம்.

குடிபோன முதல் திங்கட்கிழமையே புத்தி வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்தால், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து மணிக்குள் மூன்று அழைப்புகள் பாதியில் அறுந்தன.

ஃபைபர் போடச் சொல்லி விண்ணப்பித்தோம். வந்து பார்த்த மலாய்க்காரத் தம்பி மின்கம்பங்களை எண்ணிக்கொண்டே நடந்தார். ஃபைபர் கம்பி பெரிய சாலைச் சந்திப்போடு நின்றுவிட்டது, உங்கள் வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், எப்போது வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அடுத்து ஒரு மோடம் வாங்கி, மூன்று நிறுவனங்களின் சிம் அட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். மோடத்தைக் குளிர்சாதனப் பெட்டி மேல் வைத்தோம். துணி அலமாரி மேல் வைத்தோம். கடைசியில் குளியலறை ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டபோதுதான் கொஞ்சம் லைன் வந்தது. அதுவும் மழை வந்தால் போய்விடும். இந்தப் பக்கம் மழை வராத நாள் எது?

இந்த அவஸ்தைக்கு நடுவில் எனக்கு இன்னொரு எரிச்சல் இருந்தது. சாயங்காலம் ஆறு, ஆறரை மணியானால் எங்கள் பின்வேலியின் மூலையில், வெளிப்புறத்தில், நான்கு ஆண்கள் வந்து நிற்பார்கள். தோட்டத்தில் குலை வெட்டும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கையில் கைப்பேசி. ஒருவர் பேசுவார், ஒருவர் சிரிப்பார், ஒருவர் கையை உயரத் தூக்கிக்கொண்டு நிற்பார். என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான். துணி காயப்போடும் கொடியும் அங்கேதான். தோட்டத்துப் பாதையில் இவ்வளவு இடம் இருக்க, என் வீட்டைப் பார்த்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் வெளியே போய்க் கேட்டேன். அவர்களில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர், முப்பது வயதிருக்கும். மற்ற மூவரும் இந்தோனேசியர்கள்.

"இங்க என்ன வேலை உங்களுக்கு?"

"டவருக்காக நிக்கிறோம்க்கா" என்றார் அவர்.

நான் சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனைதான். டவர் எதுவும் இல்லை. என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். எந்த டவர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். மறுநாள் மளிகைக் கடையில், ஆட்களை மேற்பார்க்கும் தோட்டத்து மண்டோரைப் பார்த்தபோது, உங்கள் ஆட்கள் பொம்பளைகள் இருக்கும் வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று புகார் சொன்னேன். அவரும் ஆட்களைக் கண்டிப்பதாகச் சொன்னார். அதோடு நான் நிற்கவில்லை. பந்திங்கில் பச்சை வலை வாங்கி வந்து வேலி முழுக்கக் கட்டினேன்.

அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. கணவர் மட்டும், பாவம், என்ன செய்துவிட்டார்கள் என்று மெல்லக் கேட்டார். நீங்கள் பகலெல்லாம் பள்ளியில் இருப்பவர், உங்களுக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டேன்.

மூன்றாவது வாரத்தில் நான் காரிலேயே வேலை செய்ய ஆரம்பித்திருந்தேன். சாலைச் சந்திப்பில் ஒரு பழைய பேருந்து நிறுத்தம் உண்டு. அதன் பக்கத்தில் லைன் நன்றாகக் கிடைத்தது. காரை மர நிழலில் நிறுத்தி, மடியில் கணினியை வைத்துக்கொண்டு உட்காருவேன். வெயில் ஏற ஏற இன்ஜினைப் போட்டுக் குளிர்சாதனத்தை ஓட விடுவேன். முதுகு விட்டுப் போகும். கழிப்பறைக்குப் பத்து நிமிடம் ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஒரு முறை அப்படிப் போயிருந்த நேரத்தில், கிள்ளானில் ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நான் திரும்பி வந்து எடுப்பதற்குள் ஒரு வயதான மனிதர் சக்கர நாற்காலியில் முக்கால் மணி நேரம் கவுண்டர் முன்னால் காத்திருந்திருக்கிறார். அவருடைய மகள் என்னிடம் கத்தவில்லை. அப்பாவுக்கு உட்கார முடியவில்லை, கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்று டீம் லீடரும் அழைத்தார். அடுத்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள் என்றார்.

அதே நாள் மாலைதான் அது நடந்தது. ஆறு மணிக்கு மேல் இருக்கும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி அழைப்பை முடித்துவிட்டுக் கணினியை மூடும்போது, பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேர் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். அதே நான்கு பேர். முழங்கால் வரை சேறு. அந்தத் தமிழ்நாட்டுக்காரர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து, யாரிடமோ இரண்டாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தைக் குரல் தடுமாறித் தடுமாறிச் சொன்னது. ஓரிடத்தில் அது தப்பாகச் சொல்ல, அவர் திருத்தினார். மற்ற மூவரும் தங்கள் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

பேசி முடித்துத் திரும்பியவர் என் காரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே மற்றவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு மழையிலேயே கிளம்பப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டேன்.

"தம்பி, இவ்வளவு தூரம் நடந்து வந்தா போன் பேசுறீங்க?"

"ஆமாக்கா. உங்க வேலிகிட்ட நிக்கக் கூடாதுன்னு மண்டோர் சொல்லிட்டாரு. எங்க ரூம்ல சுத்தமா டவர் எடுக்காது. தோட்டத்துலயே அந்த ஒரு மூலையிலதான் எடுக்கும்."

"எந்த டவர்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கைப்பேசியைத் திருப்பி, திரையின் மேல் ஓரத்தில் இருந்த சின்னக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். "இதாங்க்கா. எங்க ஊர்ல டவர்னுதான் சொல்லுவோம்."

நாங்கள் அதை லைன் என்போம். ஒரே தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் அவர் சொன்ன ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் தெரியாததால் நான்கு பேரை மழையில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வைத்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக நான் எதைத் தேடி நாயாக அலைந்தேனோ, அது இருக்கும் இடம் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் நின்றவர்களைத்தான் நான் வலை கட்டித் துரத்தியிருக்கிறேன்.

ஏறுங்கள் என்றேன். சீட்டு நனைந்துவிடும் என்று தயங்கினார்கள். பரவாயில்லை என்று வற்புறுத்திய பிறகு, சாலையோரம் கிடந்த ஓர் உரச்சாக்கை உதறி விரித்து, அதன்மேல் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதிலுக்கு, பெண்கள் இருக்கும் வீட்டுப் பக்கம் நின்றது எங்கள் தப்புதான் என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. என் நிலைமையையும் சொன்னேன். அவர், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, வந்து பார்க்கிறேன்க்கா என்றார்.

சொன்னபடி காலையில் வந்தார். அதற்கு முன்பே நானும் கணவரும் வலையை அவிழ்த்துவிட்டிருந்தோம். வேலி மூலையில் நின்று எதிரே கையை நீட்டினார். அந்தத் திசையில் மட்டும் தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டிச் சாய்த்து, புதுக் கன்று நட்டிருந்தார்கள். அதனால் ஒரு நேரான சந்து போல வெளி திறந்து கிடந்தது. அது வழியாகத்தான் கடற்கரைப் பக்கத்து டவரிலிருந்து இங்கே வருகிறது என்றார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வேலை செய்யும் இடத்திலெல்லாம் கைப்பேசியைத் தூக்கிப் பார்த்து, அவர்களாகக் கண்டுபிடித்தது. இன்னும் இரண்டு ஆள் உயரம் போனால் ரொம்ப நன்றாக எடுக்கும் என்றும் சொன்னார்.

கணவர் ஒரு பெயின்ட் வாளியின் மேல் கணினியை வைத்துச் சோதித்தார். குளியலறை ஜன்னலில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு வேகம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பந்திங்கில் அன்டெனா விற்கும் ஒரு சீனக் கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். மோடத்தோடு இணைக்கிற, ஒரே திசையைப் பார்த்து நிற்கிற அன்டெனாவை எடுத்துக் கொடுத்தார். அதை உயரத்தில் கட்டக் கம்பம் வேண்டுமே? மண்டோரிடம் கேட்டு, குலை வெட்டப் பயன்படுத்திக் கழித்துப் போட்ட அலுமினியக் கழி ஒன்றை அந்த நால்வரும் தூக்கி வந்தார்கள். வேலி மூலையில் குழி தோண்டி நட்டார்கள். கணவர் கழியை அரை அங்குலம் அரை அங்குலமாகத் திருப்ப, நான் வீட்டுக்குள்ளிருந்து திரையில் தெரியும் எண்ணைக் கத்திச் சொல்ல, ஓரிடத்தில் அந்தத் தம்பி "போதும் சார், இப்படியே கட்டிருங்க" என்றார். கட்டினோம். மத்தியானம் அத்தனை பேருக்கும் சோறு போட்டேன். மீன் குழம்பு கொஞ்சம் உப்பாகிவிட்டது, யாரும் அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை என் மேசையில், என் நாற்காலியில் உட்கார்ந்து முதல் அழைப்பை எடுத்தேன். அறுந்து போகவில்லை. சாயங்காலம் வரை ஒன்றுகூட அறுந்து போகவில்லை. மாத முடிவில் டீம் லீடர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

மண்டோரிடம் போய், நான் சொன்னது தவறு, அவர்கள் அங்கே நிற்கட்டும் என்று சொன்னேன். கணவர் ஒரு பலகையை இரண்டு கட்டைகள் மேல் வைத்து வேலிக்கு வெளியே பெஞ்சு போட்டுக் கொடுத்தார். எங்கள் வைஃபை கடவுச்சொல்லைத் தாளில் எழுதி நீட்டினேன். "எங்ககிட்ட டேட்டா இருக்குக்கா, உக்கார இடம் இருந்தா போதும்" என்று அந்தத் தம்பி மறுத்துவிட்டார். வாங்கிக்கொள்ளச் செய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. மழை நாளில் அவர்கள் வீட்டு முன்தாழ்வாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதும் பிறகு வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் துணி எடுக்கப் போனபோது அவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, வீட்டுக்காரி பேசணும்கிறாக்கா என்றார். திரையில் ஓர் இளம்பெண், பக்கத்தில் அந்த வாய்ப்பாட்டுக் குழந்தை.

"நீங்கதான் வேலி அக்காவா?" என்று கேட்டாள்.

அவர் பதறிப்போய்க் கைப்பேசியைப் பிடுங்கப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். புருஷன் ஏன் நேரத்துக்குப் பேசவில்லை என்று அந்த நாட்களில் அவள் எத்தனை முறை கேட்டிருப்பாள்! அதற்கு அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது அந்தப் பெயரிலேயே தெரிந்தது. நான்தாம்மா என்று ஒப்புக்கொண்டேன்.

புதுக் கன்றுகள் வளர்ந்தால் அந்தச் சந்து அடைபட்டுவிடும் என்கிறார் கணவர். அதற்குப் பல வருடம் ஆகும், அப்போது கழியை உயர்த்திக்கொள்ளலாம். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒருவர் சொல்லும் பதில் புரியாதபோது கோபப்படுவதற்கு முன் இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் அன்றிலிருந்து மறக்கவில்லை. தினமும் எத்தனையோ மருத்துவமனைகளிலிருந்து தயங்கித் தயங்கிப் பேசும் குரல்களைக் கேட்கும் எனக்கு, வேலையிலும் வாழ்க்கையிலும் அதைவிட உதவியான பாடம் இதுவரை கிடைக்கவில்லை.