ஜீப்புக்கு முன்னால் நடந்த அப்பா

என் அப்பாவும் தாய்மாமாவும் இரண்டு வருடம் என் வாய் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற பிள்ளை நான். பள்ளியில் பெயரைக் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். அப்படிப்பட்ட என்னைப் போய் இவர்கள் தூதாக வைத்திருந்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே "உங்கப்பன்கிட்டச் சொல்லு", "உங்க மாமன்கிட்டச் சொல்லு" என்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விஷயம் அந்தப் பக்கம் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை விழாத மாதிரியே நிற்பார்கள்.

சண்டைக்குக் காரணம் எங்கள் ஊருக்கும் கடத்தூருக்கும் நடுவில் ஓடும் ஓடைதான். தம்பிக்குக் காது குத்திய அன்று, சீர்த்தட்டுக்குப் பூவும் பழமும் வாங்க மாமா விடிகாலையிலேயே ஜீப்பில் கடத்தூர் போனார். திரும்பும்போது ஓடையில் வெள்ளம். தரைப்பாலம் மூழ்கிவிட்டது. மாமா பழைய ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு மலை ஊர்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றி ஓட்டுகிறவர். தண்ணீர் வடியட்டும் என்று அக்கரையிலேயே நின்றுவிட்டார். இங்கே நல்ல நேரம் முடியப்போகிறது என்று அப்பா தவித்துப்போய், மாமன் முறையாகும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மடியில் தம்பியை உட்காரவைத்துக் காது குத்தச் சொல்லிவிட்டார். மாமா வந்து சேர்ந்தபோது தம்பி அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தான்.

"ஜீப்பு வெச்சிருக்கறவரு முட்டி மட்டும் தண்ணிக்குப் பயந்து நின்னுட்டாராமா" என்று அப்பா பந்தலில் நாலு பேர் சிரிக்கும்படி சொன்னார். மாமா தட்டுகளை இறக்கவே இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டாவது ஐப்பசியில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு மூன்று வயது, எனக்கு ஒன்பது. மூன்றாம் நாள் காலையில் அவன் கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு நின்ற பிறகும் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. விடாத மழை. பேருந்து வரவில்லை. அம்மா யாரையும் கேட்கவில்லை. "ஓடு, மாமனக் கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை.

மாமா சட்டையைப் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அம்மா தம்பியோடு பின்னால் ஏறினாள். அப்பாவும் பின்னாலேயே ஏறி, கதவோரம் ஒட்டிக்கொண்டார். நான் மாமாவுக்குப் பக்கத்தில்.

ஓடைக்கரைக்குப் போனால் பாலத்தைக் காணோம். செம்மண் தண்ணீர் அகலமாகச் சுழித்துக்கொண்டு போனது. பாலத்தின் இரண்டு ஓரத்திலும் நட்டிருந்த கற்களைப் போன வெள்ளமே பிடுங்கிப் போயிருந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். ஒரு குச்சியை ஒடித்துத் தண்ணீர் ஓரத்தில் குத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு குந்திவிட்டார்.

அப்பா கரையில் மேலும் கீழும் நடந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். "இன்னம் எத்தன நேரம்னு உங்க மாமனக் கேளு" என்றார். கேட்டேன். "குச்சியச் சுத்தித் தண்ணி ஏறுதா எறங்குதான்னு தெரியாம எறங்கக்கூடாதுன்னு சொல்லு." சொன்னேன். அப்பா குச்சியைப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார், மறுபடி போய்ப் பார்த்தார். பந்தலில் சொன்ன பேச்சை அன்று அவர் சொல்லவில்லை. வண்டிக்குள் தம்பி முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா யாரையும் பார்க்காமல் அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல் அளவு சேறு தெரிந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. மாமா மூங்கில் கழியோடு கொஞ்சதூரம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். தொடைவரை நனைந்திருந்தது. இதற்குமேல் காத்திருந்தால் இவனுக்குத் தாங்காது என்று தனக்குத்தானே சொல்வதுபோல அம்மாவிடம் சொன்னார். பிறகு வேகமாக வேலை பார்த்தார். என்ஜின் மூடியைத் திறந்து விசிறி பெல்டைக் கழற்றி என் மடியில் போட்டார். விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி என்ஜின்மேல் இறைக்கும் என்றார். தார்ப்பாயை முன்பக்கம் இழுத்துக் கட்டினார். நான்கு சக்கரமும் இழுக்கிற கம்பியைப் போட்டார்.

மிச்சமிருந்தது பாலத்தின் ஓரம்தான். ஒரு சக்கரம் தவறினால் வண்டி கீழ்ப்பக்கப் பள்ளத்தில் போய்விடும். யாராவது முன்னால் தடவித் தடவி நடந்து காட்டவேண்டும்.

"நான் நடக்கறேன்னு சொல்லு" என்றார் அப்பா.

மாமா இந்த முறை நான் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கப்பன்கிட்ட நல்லாச் சொல்லு. உள்ள எறங்கிட்டா நான் நிறுத்தமாட்டேன். மிதிச்ச காலத் தூக்குனா பொகக்கொழாயில தண்ணி ஏறி வண்டி நடுவுலயே செத்துரும். அப்பறம் கிளப்பவும் முடியாது. முன்னாடி போறவரு வழுக்கி வுழுந்தாலும் சரி, என்னால நிக்கமுடியாதுன்னு சொல்லு."

நான் அப்படியே சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"சரின்னு சொல்லு" என்றார் அப்பா.

மாமா வண்டியிலிருந்து கயிற்றை எடுத்து ஒரு முனையை முன் கம்பியில் கட்டினார். மறுமுனையை அப்பாவின் இடுப்பில் சுற்றினார். அப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து நின்றார். மூட்டையைக் கட்டுவதுபோல மாமா முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்கினார். பழைய கோபத்தைத்தான் தீர்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அப்பா இறங்கினார். கழியால் இடது ஓரத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். பின்னால் ஜீப் ஒரே உறுமலாக, கூட்டாமல் குறைக்காமல், ஆள் நடக்கிற வேகத்தில் போனது. முன்னால் தண்ணீர் ஒரு வரப்புப்போல எழும்பி எங்களோடே வந்தது. தரைப்பலகை வழியாகச் செந்நீர் வந்து என் பாதத்தை மூடியது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். மாமாவின் கண் அப்பாவின் முதுகைவிட்டு அசையவில்லை. உதடு மட்டும் "நட, நட, நட" என்று முணுமுணுத்தது. நடுவில் ஒருதடவை அப்பாவுக்குக் கால் இடறியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கழியை ஊன்றி நிமிர்ந்தார். வண்டியின் மூக்கு அவர் முதுகுக்கு அவ்வளவு கிட்டே வந்துவிட்டது. அம்மா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தாள். உறுமல் மாறவில்லை. அப்பா திரும்பியும் பார்க்கவில்லை.

அக்கரையில் ஏறியதும் மாமா வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு இறங்கிப்போய் அப்பாவின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் அது அவிழவில்லை. கத்தியால் அறுத்தார்.

"உங்கப்பன வேட்டியப் புழிஞ்சுக்கச் சொல்லு, சளி புடிச்சுக்கும்."

"உங்க மாமன மொதல்ல அந்த பெல்ட்ட மாட்டச் சொல்லு."

ஆக எதுவுமே மாறவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது.

கடத்தூர் ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்சம்மா, பிள்ளையை மடியில் வைத்து யார் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா எழுந்தாள். அப்பா அவளைக் கையால் அமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க மாமன் மடியில வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

மாமா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பெஞ்சில் நேராக உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கினார். ஊசி ஏறும்போது தம்பி கத்தினான். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவு வெள்ளத்தைக் கடந்துவந்தவள் ஒரு ஊசிக்கு அழுகிறாளே என்றிருந்தது.

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஊர் திரும்பும்போது ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அப்பா முன்னால், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சு அப்போதும் என் வழியாகத்தான். நான் பின்னாலிருந்து எட்டி எட்டிச் சொல்லவேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டும்போது அம்மாவின் காதில் என் மனக்குறையைச் சொன்னேன். அன்றைக்கு அவ்வளவு தண்ணீரிலும், கால் இடறியபோதுகூட, அப்பா மாமா முகத்தைத் திரும்பிப் பார்க்கவே இல்லையே, அவ்வளவு கோபமா என்று கேட்டேன். அம்மா என் தலையைத் தடவினாள்.

இப்போது அங்கே உயரமான பாலம் கட்டிவிட்டார்கள். மழைக்காலத்தில் பேருந்து அதன்மேல் போகும்போதெல்லாம் என்னால் உட்கார முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பேன். விழுந்தாலும் நிற்காது என்று தெரிந்த வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பா நடந்துபோவார். அது தெரியாமல் நடந்திருப்பார் என்று சொல்லவும் வழியில்லை. அந்தச் சேதியை ஒரு சொல் விடாமல் அவரிடம் சொன்னதே நான்தான்.