பொறும் என்றவர்

வோபர்னில் என் வாடகைக் காரில் ஏறி விமான நிலையத்தில் இறங்கிய அந்த மனிதரின் பெயரைப் போன் காட்டியது, இப்போது நினைவில்லை. நரைத்த தாடியைக் கச்சிதமாக வெட்டியிருந்தார். ஏதோ ஒரு நாட்டின் சமாதானப் பேச்சுக்கு மூத்த ஆலோசகராகப் போவதாக அவரே சொன்னார். 401 நெடுஞ்சாலையில் நான் லேன் மாற்றும்போதெல்லாம் பின்னாலிருந்து கையை உயர்த்தி, “பொறும் தம்பி, பொறும்” என்பார்.

“எங்கட பேச்சுவார்த்தையிலயும் இருந்தனான். அந்த எக்ஸ்பீரியன்ஸுக்காகத்தான் அவையள் கூப்பிடுகினம்.”

“அது முறிஞ்சதெல்லோ அண்ணை? பிறகு என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்யிறது? பேச்சு நடந்த ஹோட்டலை விட்டுப்போட்டு இஞ்ச வந்திட்டன். உதுகளுக்குப் பொறுமை வேணும் தம்பி. எங்கட சனத்திட்ட அதுதான் இல்லை.”

அவர் ஹோட்டலை விட்ட நாட்களில் நாங்கள் வன்னியில் முற்றத்தைத் தோண்டி, குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தோம். என் தங்கை அதற்குள்தான் செத்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். முன்னால் போன ட்ரக் பிரேக் அடித்தது.

“பொறும்” என்றார்.

இறங்கியதும் கதவை மெதுவாகச் சாத்தி, “கவனமாப் போம்” என்றார். இந்தப் பயணிக்கு எத்தனை நட்சத்திரம் என்று போன் கேட்டது. ஒன்றை அமத்தினேன். உடனே காரணம் கேட்டது. மரியாதையில்லாமல் பேசினாரா, காரை அழுக்காக்கினாரா, நேரம் பிந்தி வந்தாரா?

அந்தாள் இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஐந்தாக மாற்றிவிட்டேன்.