செருப்பைக் கையில் வைத்து நடந்தவர்

மீன்பிடித் துறைமுக வாசலிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் பூங்காவின் இரும்புக் கதவு வரை என் காலுக்கு ஆயிரத்து நானூற்று இருபது அடி. என் நண்பரின் காலுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபதுதான். அவர் என்னைவிட ஒரு சாண் உயரம், எட்டி வைக்கிற கால். போகும்போது என் அடிகளை எண்ணுவேன், திரும்பும்போது அவருடையதை. இரண்டு தடவை போய்வந்தால், டாக்டர் சொன்ன அரை மணி நேரத்துக்கு மேல் கால் மணி நேரம் கூடவே ஆகிவிடும்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் முப்பத்தொன்பது வருடம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. அவருக்கு அறுபத்தெட்டு. சங்கு குளித்தவர். எங்களைச் சேர்த்துவைத்தது சர்க்கரை. ஆஸ்பத்திரி பெஞ்சில் பதினேழாம் டோக்கனும் பதினெட்டாம் டோக்கனுமாக உட்கார்ந்திருந்தோம்.

"அண்ணாச்சிக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினாலு."

"நமக்கு இருநூத்தி அறுவது. தோத்துட்டீங்களே!"

டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. வாரத்தில் ஐந்து நாளாவது நடக்க வேண்டும், இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடக் கூடாது, பாதத்தை மூடுகிற மெத்தென்ற செருப்பு போட வேண்டும் என்று இருவருக்கும் சொன்னார். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நண்பர் புதுச் செருப்போடு வந்தார். செருப்பு கையில் இருந்தது.

"டாக்டரம்மா வாங்கச் சொன்னாங்க, வாங்கிட்டேன்" என்றார். "பாறையிலயும் வள்ளத்துலயும் முப்பது வருசம் நடந்த காலு அண்ணாச்சி. இதுக்குப் போயி மெத்தை போட்டா வெக்கப்படும்."

நான் அப்படியில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளைக் கண்டால் பயம். பூங்கா முக்கில் படுத்திருக்கும் பதினொரு நாய்களில் என்னை மட்டும் பார்க்கிற செவலையைக் கண்டால் பயம். நடக்கும்போது சர்க்கரை இறங்கிவிடுமோ என்று சட்டைப் பையில் நாலு மிட்டாய், வீட்டு போன் எண் எழுதிய சீட்டு. காலில் பருத்தி உறை, அதன் மேல் ஷூ. "கலியாணத்துக்கா போறோம்?" என்று அவர் கேலி செய்வார். நாலு மாதத்தில் எனக்கு நூற்று முப்பத்தெட்டாகவும் அவருக்கு நூற்று ஐம்பத்திரண்டாகவும் இறங்கியது. அவர் செருப்பைப் பற்றிப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். எண்கள் நன்றாக இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது அவருடைய அடிகள் ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று வந்தன. ஐம்பத்தொன்று கூடுதல். எங்கோ நான் பிசகிவிட்டேன் என்று நினைத்தேன். புதன்கிழமை ஆயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டு.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல் பக்கம் ஒருவர் எண்ணுவார், கரைப் பக்கம் ஒருவர். இருவர் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி எண்ண வேண்டும். மூட்டை கிழிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்பது வேறு ஆளின் வேலை. எண்ணுகிறவன் மூட்டையைப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வியாழக்கிழமையும் நான் எண்ணத்தான் செய்தேன். ஆயிரத்து முந்நூற்று எழுபது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பதினேழாம் வாய்ப்பாட்டை இருபது வரை சொல்லிப் பார்த்தேன். தப்பில்லாமல் வந்தது. ஆனாலும் என் மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பயந்தேன். அவருடைய காலுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணவில்லை. எண்ணப் பயந்து, குனிந்தபடி அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வலது பாதத்தை அவர் சாய்த்து வைத்தார். கடைசியில் வழக்கம்போலக் கடலில் கணுக்கால் அளவு இறங்கி நின்றார். அன்று வெகு நேரம் நின்றார். மேலே ஏறி வந்த தடத்தில், ஈர மணலில், வலது கால் பட்ட இடமெல்லாம் பழுப்பாக ஒரு கறை.

"என்ன வே காலுல?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சிப்பி கிழிச்சிருக்கும். உப்புத்தண்ணி பட்டா ஆறிரும். நாங்க என்னைக்கு மருந்து போட்டோம்?"

"எத்தனை நாளாச்சு?"

"வலிச்சாத்தானே நாள் தெரியும்? வலிக்கவே இல்லியே."

படகு மேட்டில் உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வாய் பிளந்திருந்தது. ஓரமெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. வாடை வந்தது. என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, "நீங்க மிட்டாய் போடுங்க மொதல்ல" என்றார்.

ஆட்டோ பிடித்து டாக்டர் அம்மாவிடம் கொண்டுபோனேன். புண்ணைக் கழுவியபோது நகத்தளவு சிப்பித் துண்டு ஒன்று உள்ளேயிருந்து வந்தது. பிறகு நூல் போன்ற ஒரு நைலான் இழையை வைத்துக்கொண்டு, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். நண்பர் மூன்று தடவைதான் சொன்னார். மற்ற ஏழு தடவையும், டாக்டர் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து, கண்ணை மூடியபடி காத்திருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எக்ஸ்ரேயில் சுண்டுவிரல் எலும்பு அரித்திருந்தது, அதுவரை சீழ் போயிருந்தது. சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. "ரெண்டு வாரம் மருந்து குடுத்துப் பாக்கலாம். விரல் நிக்குமான்னு சொல்ல முடியாது. மேல ஏறாம பாத்துக்கிட்டா கால் நிக்கும்" என்றார். "வலது கால் தரையில படக்கூடாது. நடை கிடையாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கூடவேதானே நடக்கீங்க சார்?"

வீட்டில் அவருடைய மனைவி இன்னும் நேராகக் கேட்டார். "ஆயிரம் அடிய எண்ணுத அண்ணாச்சிக்கு அடி வச்ச கால் கண்ணுல படலியாக்கும்?" அவரே உள்ளே போய்ச் சர்க்கரையில்லாத காப்பி கொண்டுவந்து வைத்தார். "குடிங்க. ஒங்களச் சொல்லி என்ன? இந்த மனுசன் எங்கிட்டயே காலக் காட்டல."

நடை இல்லையென்றால் சர்க்கரை இறங்காது, சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது. இது என் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டர் அம்மா பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண், நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற பயிற்சிகளைக் காட்டினார். இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துத் தோள் வரை மடக்குவது, தலைக்கு மேல் தூக்குவது, நல்ல காலை மட்டும் நேராக நீட்டி இறக்குவது. ஒவ்வொன்றும் பத்து தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்யலாம் என்றார்.

மறுநாளிலிருந்து காலை ஒன்பதரைக்கு அவர் வீட்டுக்குப் போய், எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து நானும் பாட்டில் தூக்கினேன்.

"பால்வாடில போடுத டான்சு மாதிரில்லா இருக்கு" என்றார். ஆனால் செய்தார். முதல் பத்து முடிந்தபோது அவர் முகம் கறுத்து, கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆரம்பத்தில் இழுத்த மூச்சை அவர் விடவே இல்லை.

"மூச்சை விடும் வே!"

விட்டார். "பாரம் எடுத்தா மூச்சப் பிடிக்கணும் அண்ணாச்சி. அதானே தொழிலு. கீழ போயி மூச்ச விட்டவன் மேல வரமாட்டான்."

அடுத்த பத்திலும் அதேதான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கை கனத்ததுமே தொண்டை தானாக மூடிக்கொள்கிறது. மூச்சைப் பிடித்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று பிசியோதெரபிப் பெண் போனில் எச்சரித்து, வழியும் சொன்னார். சத்தமாக எண்ண வேண்டும். எண்ணுகிறவனால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது.

அப்படியே எண்ணினார். "ஏழு, எட்டு, பத்து."

"ஒன்பது எங்கே வே?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "அதத் தின்னுட்டாரு. மறைச்சுத் திங்கதுதான் அவருக்குப் பழக்கமாச்சே."

சர்க்கரை முந்நூறிலிருந்து இருநூற்றுப் பத்துக்கும், பிறகு நூற்று எழுபதுக்கும் இறங்கியது. பதினாலாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். சிவப்பு மேலே ஏறவில்லை. ஆனால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. எடுத்தால் கால் நிற்கும் என்றார் டாக்டர் அம்மா. நண்பர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கையெழுத்துப் போட்டார்.

விரலை எடுத்த அன்று மாலை வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமையே எனக்கு எண்ணிக்கை மாறியது என்று சொன்னேன். என் மூளைதான் கெட்டது என்று நினைத்துவிட்டதையும் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"இன்னும் ஒம்பது இருக்குல்லா?" என்றார். "அத எண்ணி வச்சுக்கிடுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் ஒங்களத்தான் பிடிப்பேன்."

புண் மூட ஏழு வாரம் ஆனது. அதுவரை நாற்காலிப் பயிற்சி ஒரு நாள் விடவில்லை. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கென்று அளவெடுத்துச் செய்கிற எம்.சி.ஆர். செருப்பு வந்தது. கால் விரல் போனால் நடை தள்ளாடும் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் வாசலிலிருந்து தெரு முனை வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். செருப்பு காலில் இருந்தது.

தினமும் பாதத்தின் அடியை யாராவது பார்க்க வேண்டும் என்பது டாக்டர் அம்மாவின் கட்டளை. குனிந்து பார்க்க அவருக்கு முதுகு வளையாது. அவர் மனைவிக்குக் கண்ணில் புரை. ஆகவே நான் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் கூச்சமாகத்தான் இருந்தது. இன்னொரு ஆணின் காலை மடியில் வைத்து விரலிடுக்கைப் பார்ப்பதற்கு என் வாழ்க்கையில் அதுவரை அவசியம் வந்ததில்லை. மூன்றாம் நாள் அவர் காலை இழுத்துக்கொண்டு, "ஒங்களதக் காட்டுங்க" என்றார்.

"நான் ஷூ போடுகிறவன் வே. எனக்கு என்ன?"

"காட்டுங்கங்கேன்."

உறையைக் கழற்றினேன். அவருடையது, கடலடி மணலில் சங்கு ஊர்ந்த தடத்தை மேலிருந்தே கண்டுபிடித்த கண். பாதத்தை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். இடது குதிகாலின் பின்புறம் விரலை வைத்து நிறுத்தினார்.

"இங்கன வெடிச்சிருக்கு. உள்ள செவப்பாத் தெரியுது. வலிக்கலியா?"

வலிக்கவில்லை. அவர் விரல் அங்கே பட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏளா, அந்தத் துணியும் மருந்தும் எடுத்துட்டு வா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, இன்னைக்கு நடை வேண்டாம். நாற்காலிய இழுத்துப் போடுங்க. ஒம்பதரைக்கு ஆட்டோ பிடிச்சு அந்த அம்மாவப் போயிப் பாப்போம்."

இழுத்துப் போட்டேன்.