புளி போட்டுக் கழுவிய ஒரு ரூபாய்

போன வருஷம் ஆடி மாதம் மல்லசமுத்திரத்தில் நடந்தது இது. சேலத்தில் எனக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை. ஆனால் மனசில் பாதி பழைய காசில்தான் கிடக்கும். அதிலும் யார் கையும் படாமல் வங்கிப் பொட்டலத்திலேயே கிடந்த காசு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். "கல்லாவுக்கு வர்ற காசையும் கொஞ்சம் பாரு" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

மல்லசமுத்திரத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒருவர், தெரிந்தவர் மூலமாக எனக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அவர் அப்பா சில்லறைக்காக வங்கியில் வாங்கி, பரண் மேல் போட்டு மறந்துபோன பொட்டலம். பெரிய அளவில் வந்த அந்தக் காலத்து ஒரு ரூபாய். சுற்றியிருந்த சீட்டுகூடக் கிழியவில்லை. என் ஆல்பத்தில் அந்தச் சீட்டில் போட்டிருந்த வருஷத்துக் காசுக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

உடனே போன் செய்தேன். "காசு புதுசா இருக்குதுங்களா? மங்கிப் போகலையே? எனக்குப் புதுசா இருந்தாத்தாங்க வேணும்" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். நல்ல விலை தருவதாகவும் சொன்னேன். கடையில் கிரைண்டர் மோட்டார் எரிந்துபோய், மாவை வெளியில் கொடுத்து அரைக்கிறார்களாம். இந்தப் பணம் வந்தால் அதைச் சரி பண்ணிவிடலாம் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லென்ஸும் கையுறையுமாக பஸ் ஏறினேன். கடைக்குள் நுழைந்ததும் அவர் மனைவி ஒரு எவர்சில்வர் தட்டை என் முன்னால் வைத்தார். அத்தனை காசும் பளபளவென்று அதில் குவிந்து கிடந்தது. சுற்றியிருந்த சீட்டைக் காணோம்.

"புதுசா வேணும்னு கேட்டீங்கன்னு இவரு சொன்னாருங்க. பிரிச்சுப் பாத்தா ஒண்ணு ரெண்டு மங்கலா இருந்துச்சு. அதான் புளி போட்டு, சாம்பல்ல தேச்சுக் கழுவிட்டேனுங்க அம்மிணி" என்றார்.

ஒரு காசை விளிம்பில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். புழங்காத காசாக இருந்தால் வெளிச்சம் அதன் மேல் வட்டமாக ஓடும். இதில் ஓடவில்லை. லென்ஸை வைத்தால் முகமெல்லாம் மெல்லிய கீறல். அடுத்ததும் அப்படியே. தேய்த்துக் கழுவின காசைச் சேகரிப்பவர்கள் யாரும் விலைக்கு எடுக்க மாட்டார்கள். வந்த கோபத்தில் வார்த்தையை அளக்காமல் கொட்டிவிட்டேன். "எல்லாத்தையும் கெடுத்து வெச்சிருக்கீங்க. இனிமே இது டீ குடிக்கத்தான் ஆகும்."

கடைக்காரர் கிரைண்டர் இருந்த மூலையைப் பார்த்தார். அந்த அம்மா தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "பாவம், இத்தன தூரம் பஸ்ஸேறி வந்தீங்களே" என்றார்.

அவருடைய விரல் நுனியெல்லாம் புளித்தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். புதுசு புதுசு என்று நச்சரித்தது நான்தானே. கழுவக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

சொன்ன விலையையே கொடுத்துவிடுகிறேன் என்று பர்ஸைத் திறந்தேன். அந்த அம்மா தடுத்துவிட்டார்.

"கெட்டுப்போன மாவுல இட்லி ஊத்தி நான் காசு வாங்குனதில்லீங்க. இதுக்கு மட்டும் வாங்குவனுங்களா? உக்காருங்க, ஒரு வாய் சாப்பிடாம போகக் கூடாது."

உட்கார்ந்து சாப்பிட்டேன். கிளம்பும்போது குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கின் மேல் அந்தக் காசில் ஒன்றை வைத்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆல்பத்தில் காலியாக இருந்த இடத்தில் இப்போது அந்தக் காசுதான் இருக்கிறது. மற்றவற்றுக்கெல்லாம் கீழே தரம் எழுதி வைத்திருக்கிறேன், இதற்கு எழுதவில்லை. இவ்வளவு நல்ல வரிசையில் கழுவின காசை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மற்றதெல்லாம் யார் கைக்கும் போகாமல் என்னிடம் வந்த காசு. இது ஒன்றுதான் ஒருவர் மனசாரக் கொடுத்து என் கைக்கு வந்தது.