ஆய்வாளர் என்று ஒரு சொல்

தமிழில் 'ஆய்வாளர்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து கடல்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவரும் ஆய்வாளர்தான். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்கிறவரும் ஆய்வாளர்தான். நான் இரண்டாவது வகை. சுகாதார ஆய்வாளர். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றேன். ஊர்க்காரர்கள் யாரும் அந்த நீளப் பெயரைச் சொன்னதில்லை. வல்லம் பக்கத்தில் 'பிளீச்சிங் பவுடர் சார்', மரக்காணம் பக்கத்தில் 'கொசு சார்'. எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் கூப்பிடுவார்கள். நானும் அவர்களை ஏமாற்றாமல் கோபப்படுவேன்.

இந்த இரண்டு அர்த்தத்துக்கும் நடுவே இருந்த சந்தில் புகுந்து, திண்டிவனத்தில் ஓர் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவில் இரண்டு வருஷம் உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீடு விழுப்புரத்தில். மனைவி இறந்த பிறகு அதில் நான் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தனிமையைப் பற்றிச் சிலர் அழகாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் அழகு ஒன்றும் தென்படவில்லை. டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் 'வணக்கம்' என்றால் நானும் 'வணக்கம்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் கடையில் அரை கிலோ தக்காளி கேட்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டேன். திரும்பி வரும் வழியில் யோசித்துப் பார்த்தால், முந்தின நாள் காலையிலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் திண்டிவனத்தில் குடிநீர் விழிப்புணர்வுக் கூட்டம் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான்கு பேர் இருக்கிற இடமாயிற்றே என்று பஸ் ஏறிப் போனேன். மேடையில் தூய்மையான குடிநீரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே, வந்தவர்கள் குடிப்பதற்காக ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்திருந்தார்கள். டிரம்முக்கு மூடி இல்லை. எனக்குப் பொறுக்குமா? எழுந்து நின்று, "முதல்ல அதை மூடிட்டுப் பேசுங்க" என்று கத்திவிட்டேன். கூட்டம் சிரித்தது. முடிந்த பிறகு அந்த அறக்கட்டளையின் தலைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவர் கடல் ஆராய்ச்சியில் பெரிய விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கரெக்டா சொன்னீங்க. சார் எங்க வேலை பார்த்தீங்க?"

"சுகாதாரத் துறையிலங்க. ஆய்வாளரா இருந்தேன்."

"அடடே! எங்க போர்டுக்கு உங்களை மாதிரி ஆய்வாளர்தான் வேணும்."

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அவரும் எதையும் தவறாகக் கேட்கவில்லை.

முதல் கூட்டத்தில்தான் விஷயம் புரிந்தது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைவர் கடல் விஞ்ஞானி. இன்னொருவர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். வேளாண்மைத் துறையில் இணை இயக்குநராக இருந்த ஒருவர், துணை ஆட்சியராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார், அப்புறம் நான். தலைவர் என்னை அறிமுகப்படுத்திவிட்டு, "இப்ப நம்ம போர்டுல ரெண்டு கவர்மென்ட், மூணு சயின்ஸ்" என்றார். நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவர் ஒன்று, பேராசிரியர் ஒன்று. மூன்றாவது சயின்ஸ் யார் என்று தேடிப் பார்த்தால், அது நான்!

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். 'சார், நான் அந்த ஆய்வாளர் இல்ல, இந்த ஆய்வாளர்' என்று ஒரே வரி. வாயில் வடை இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு உப்பு நீருக்குப் போய்விட்டது. வடை மேல் பழி போடுவது வசதியாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், சொன்னால் அடுத்த மாதம் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன்.

மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை கூட்டம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற பெண் போன் பண்ணும். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண் அது. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். "சார், நாளைக்கு மீட்டிங். வர்றீங்க இல்ல?" என்று கேட்கும். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு கேள்விக்காக வியாழக்கிழமையே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து வைப்பேன். சனிக்கிழமை தேய்த்த வெள்ளைச் சட்டை. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டத் தாண்ட எனக்கு உடம்பில் ஒரு தெம்பு வரும். மாடிப்படி ஏறினால் மேசையில் என் பெயர் எழுதிய அட்டை இருக்கும். என் பெயரை யாரோ ஒருவர் ஞாபகமாக எடுத்து வைத்திருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. எந்த ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு ஏணி உடைந்திருக்கிறது, எங்கே குழாய் சாக்கடைக்குள் ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே எனக்குத்தான் தெரியும். ஆனால் தலைவரும் பேராசிரியரும் மில்லிகிராம் கணக்கில் இறங்கிவிட்டால், தலையை ஆட்டிக்கொண்டே தட்டில் வைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துக்கொண்டிருப்பேன். துணை ஆட்சியர் அம்மையார் எப்போதாவது கண்ணாடிக்கு மேல் வழியாக என்னைப் பார்ப்பார். கூட்டக் குறிப்பில் ஒரு கால்புள்ளி தவறினாலும் பிடிக்கிறவர் அவர். எனக்கு அவரிடம் உள்ளூர ஓர் உதறல் இருந்தது.

இப்படியே போயிருக்கும். அதற்குள் அரசாங்கத்தின் ஒரு குடிநீர்த் திட்டத்தில் சேர எங்கள் அறக்கட்டளை விண்ணப்பம் போட்டது. உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் அறிவியலில் என்ன பின்னணி, அரசுப் பணியில் என்ன பின்னணி என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ஆபீஸ் பெண் தன்னிடம் இருந்த பழைய குறிப்புகளைப் போனில் போட்டு ஆங்கிலமாக்கியிருக்கிறது. சுகாதார ஆய்வாளர் என்பது 'ஹெல்த் ரிசர்ச்சர்' என்று வந்திருக்கிறது. மற்ற இரண்டு சயின்ஸ்காரர்களும் முனைவர் என்பதால், விட்டுப்போயிருக்கும் என்று என் பெயருக்கு முன்னாலும் ஒரு முனைவரைப் போட்டுவிட்டது. மரியாதைக்குக் குறைவு வரக்கூடாது என்ற நல்லெண்ணம்.

"சார், உங்களுது மட்டும்தான் பாக்கி. ஒரே பேஜாரா இருக்குது சார். தீசிஸ் தலைப்பு கேட்டுக்கினு இருக்காங்க. இன்னான்னு போடட்டும்?"

"என்ன தலைப்பு?"

"நீங்க டாக்டர் பட்டம் வாங்கினதுக்கு எழுதினது சார். ஜல்தி சொன்னீங்கன்னா டைப் பண்ணிடுவேன்."

"எழுதி அனுப்பறேன்மா" என்று வைத்துவிட்டேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தலைப்பு யோசித்தேன். 'கடலோரக் கிராமங்களின் மேல்நிலைத் தொட்டிகளில் எஞ்சியிருக்கும் குளோரின்: ஓர் ஆய்வு.' எழுதிப் பார்த்தால் ஜோராக இருந்தது. எத்தனையோ ஆயிரம் தொட்டி ஏறியிருக்கிறேன், எனக்கு ஏன் ஒரு பட்டம் கூடாது என்று எனக்கு நானே வாதாடினேன். எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை. மனைவி இருந்திருந்தால், 'இந்த வயசுல இது உங்களுக்குத் தேவையா' என்று ஒரே கேள்வியில் பேப்பரைப் பிடுங்கிப் போட்டிருப்பாள்.

அவள் கேட்காததை வேறு ஒருவன் என் ஞாபகத்தில் வந்து கேட்டான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு கிராமத்தில் இருந்த தொட்டி ஆபரேட்டர் அவன். தினமும் காலையில் தொட்டியில் குளோரின் போட்டுவிட்டு நோட்டில் 'போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் போய் நோட்டைப் பார்த்தேன். ஒரு நாள் விடாமல் 'போட்டேன்'. குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து மருந்து விட்டேன். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாகும். ஆகவே இல்லை. "பொண்டாட்டிக்கு ஒடம்பு முடியல சார். மூணு நாளா ஆஸ்பத்திரிலயே கெடக்கறேன். வேலை போயிடும்னுதான் எழுதிட்டேன்" என்று காலைப் பிடித்தான். "போடலைன்னா போடலைன்னு எழுதுடா, நோட்டுல பொய் எழுதாத" என்று ஊரே கேட்கும்படி கத்தினேன். மேலே எழுதி அனுப்பினேன். அவனுக்கு வேலை போயிற்று. அவனும் பயத்தில்தான் எழுதினான். அவனுக்காவது காரணம் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

தலைப்பு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். வேறு தாளில், நான் சுகாதார ஆய்வாளராக மட்டுமே பணி செய்தேன் என்றும், ஆராய்ச்சி எதுவும் செய்ததில்லை என்றும், முனைவர் பட்டம் இல்லை என்றும், இது முதல் கூட்டத்திலேயே எனக்குத் தெரியும் என்றும் எழுதித் தபாலில் சேர்த்தேன். கடைசி வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை என்னை விட்டுவிட்டே வந்து போயிற்று. போன் ரிப்பேரோ என்று கடைக்காரரிடம் போய், அவர் போனிலிருந்து எனக்கு ஒரு முறை அடிக்கச் சொன்னேன். நன்றாகத்தான் மணி அடித்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியது. நான் அனுப்பிய தாள். அதன் ஓரத்தில் பச்சை மையில் ஒரு சொல்: 'பேசுக'. கீழே சுருக்கொப்பம். துணை ஆட்சியர் அம்மையார் ஓய்வு பெற்றும், அதிகாரிகளுக்கே உரிய அந்தப் பச்சை மையை விடவில்லை.

அரசாங்க ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். கோப்பில் எழுத முடியாத கோபம் அதிகாரிக்கு இருந்தால் 'பேசுக' என்று எழுதுவார். கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டும். சர்வீசில் எனக்கு நான்கைந்து முறை வந்திருக்கிறது. வெள்ளைச் சட்டையைப் போடலாமா வேண்டாமா என்று யோசித்து, சாதாரணச் சட்டையிலேயே பஸ் ஏறினேன்.

மாடியில் அம்மையார் மட்டும் இருந்தார். எதிரில் என் தாள். தலையை நிமிர்த்தாமலே, "சேர்மன்கிட்ட சொல்லிட்டேன். அவர் சிரிச்சாரு" என்றார். "ஆனா சயின்ஸ் பக்கம் போடணும்னா பட்டம் வேணும்னு விதி. கவர்மென்ட் பக்கத்துல ரெண்டு இடந்தான், அது ரெண்டும் நிரம்பிடுச்சு. இனிமே உங்க பேர் போர்டுல இருக்க முடியாது."

"சரிங்க மேடம். நீக்கிடுங்க. தப்பு என்னுதுதான்." கும்பிட்டுவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லுங்க. நீக்கறது மட்டும்னா 'நீக்குக'ன்னு எழுதி அனுப்பியிருப்பேன். உங்களை எதுக்குப் பஸ் ஏற வைக்கணும்? 'பேசுக'ன்னுதான எழுதினேன்?"

"என்ன பேசணுங்க மேடம்?"

"இத்தனை கறாரான மனுஷன். மூடி இல்லன்னு மேடையைப் பார்த்துக் கத்தினவர். ரெண்டு வருஷம் வாயை மூடிக்கினு உட்கார்ந்திருந்தீங்களே, ஏன்?"

விழுப்புரத்திலிருந்து வழி நெடுக மன்னிப்பு வாசகங்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். அதில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. இரண்டு வருஷத்தில் அந்த மேசையில் யாரும் கேட்காததும் நானாகச் சொல்லாததுமான ஒன்று வெளியே வந்தது.

"வீட்டுக்காரம்மா செத்துப் போயிட்டாங்க மேடம். மூணு வருஷம் ஆவுது. வீட்ல பேசறதுக்கு ஆளில்லைங்க. இங்க வந்தா… பேர் சொல்லிக் கூப்புடறீங்க. அதான் சொல்லல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உட்காருங்க" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது, உடம்பு கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, மேலதிகாரி முன்னால் நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தேன். அந்த மேசைக்கு எதிரே இரண்டு வருஷம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தவன், அன்று அவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.