கையில்லாத சட்டை

வீட்டில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஆதாரம்’. யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வேலை நூலகத்தில். விடுமுறை நாளெல்லாம் ஆவணக் காப்பகத்தில். தம்பி சரித்திர நாவல் எழுதிப் பேர் வாங்கியவன். அந்தக் காலத்து மனிதர்கள் என்ன உடுத்தினார்கள், வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று தூசி தின்று தேடிக் கொடுத்தது அக்கா. நோகாமல் எழுதியது அவன்.

இந்த முறை கதை, நூறு வருடங்களுக்கு முன் பஞ்சாலை இயந்திரத்தில் சிக்கிச் செத்த ஒரு பெண்ணைப் பற்றியது. நீளக் கை வைத்த சட்டையோடு கவனமில்லாமல் நின்றாள், செத்தாள் என்று விசாரணையில் முதலாளி சொல்லித் தப்பித்திருந்தான். கூட வேலை செய்தவளின் வாக்குமூலத்தை நான்கு மாதம் அலைந்து அக்கா கண்டுபிடித்தாள். அன்று அதை எழுதி எடுத்த குமாஸ்தா அவள் பேச்சில் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

“அவ சட்டைக்குக் கையே இல்லைங்க. வேலைக்குச் சேந்த அன்னிக்கே நாங்க எல்லாரும் கையை வெட்டிருவோம். மெஷினுக்கு மூடி போடுங்கன்னு எத்தனை தடவை கேட்டோம்.”

அச்சுப்படி வந்தது. அட்டையில் அந்தப் பெண், மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும் சட்டைக்கையோடு இயந்திரத்தின் பக்கத்தில் ஒய்யாரமாக நிற்கிறாள். உள்ளேயும் அதே கோலம்தான். சாட்சி சொன்னவளோ அரண்மனையில் பிறந்தவள் போல் வசனம் பேசுகிறாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொலைபேசியில் பிடித்தாள். ஓவியர் இதுதான் அழகு என்றாராம். யாரு அளந்து பாக்கப்போறா என்று சிரித்தான் தம்பி.

“அந்த முதலாளி சொன்ன பொய்யை நீ அச்சுல ஏத்துறடா. கூலி வாங்காம அவனுக்குச் சாட்சி சொல்றே. அந்தக் கையை எடு. இல்லேன்னா நன்றிப் பக்கத்துலேர்ந்து என்னை எடு.”

ஒரு மாதம் கழித்து நூலகத்துக்கு ஆறு பிரதிகள் வந்தன. சட்டைக்கை அப்படியே தொங்கியது. நன்றிப் பக்கத்தில் அக்காவைக் காணோம். கேட்டதற்கு, “நீ சொன்ன ரெண்டுல ஒண்ணைச் செஞ்சுட்டேனேக்கா” என்றான்.

அக்கா வாக்குமூலத்தை ஆறு நகல் எடுத்தாள். பசை தடவி, அந்தச் சட்டைக்கை மறையும்படி ஒவ்வொரு அட்டையிலும் அழுத்தி ஒட்டினாள். பசை காயும் முன்பே ஒருவர் வந்து புத்தகத்தைக் கேட்டார். அப்படியே எடுத்துக் கொடுத்தாள்.