முளைவிட்ட பயறு

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் ஒரு துணிப்பையும் பயிர் செய்வதில் ஒரு வித்தையும் மட்டுமே இருந்தன. அவர் அம்மாவின் தம்பி. லுக்குட்டில் மோட்டார் பட்டறையிலும், பிறகு சுவாவில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்திலும் வேலை பார்த்து, இரண்டிலும் நிலைக்காமல், பெடாஸுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த செம்பனைத் தோட்டத்துக்கே திரும்பியிருந்தார். கன்று நடும் கூட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுவதாக, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சொல்லியிருந்தார். அதற்குள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் அவரை ஒரு மனிதராக மதிக்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் கவலை. அக்கா வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்ற பேச்சு ஏற்கெனவே குழாயடியில் கிளம்பியிருந்தது.

அந்த ஆண்டு நல்ல வறட்சி. பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று வைத்த நிலத்தில், வரிசைகளுக்கு நடுவே பயத்தங்காய் போட்டுக்கொள்ள நிர்வாகம் விட்டிருந்தது. போன காய்ப்பில் எடுத்த விதை எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டால், முளைத்ததெல்லாம் கருகிவிடும். மாமாவின் வித்தை அதற்குத்தான். விதையைக் காலையில் ஊறப்போட்டு, பொழுது சாய்வதற்குள் வடித்து, நிழலில் பரப்பி, கையில் குலுக்கினால் பழையபடி கலகலக்கும்வரை உலர்த்த வேண்டும். அப்படி ஒருமுறை நீர் குடித்துக் காய்ந்த விதை சிறு ஈரத்துக்கே எழுந்துவிடும், வெயிலையும் தாங்கும். சுவாவில் அதைப் பார்த்திருக்கிறார்.

வீடு வீடாகப் போய் விதை வாங்கி வந்தது நான்தான். எந்த முடிச்சு யாருடையது என்று தெரிய, அம்மா தன் பழைய சேலையிலிருந்து ஒவ்வொரு நிறமாகக் கிழித்துக் கட்டினாள். கடைசி வீட்டு அத்தை மட்டும் கொடுக்கவில்லை.

"ஒங்க மாமா பட்டறையில நெலச்சாரா, தோட்டத்துல நெலச்சாரா? என் வெத என் வீட்லயே இருக்கட்டும் போ."

ஊர் விதை என்பதால் அம்மா வாளியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். மாமா முடிச்சுகளை நனையப் போட்டார். அன்று முற்பகலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்துபோனார்.

லயம் முழுவதும் அங்கே போனது. வறட்சியில் குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும். எங்கள் தகரப் பீப்பாயில் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் சாவு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் எந்த வீட்டிலும் இல்லை. காலும் முகமும் நனைத்துக்கொண்டு, மஞ்சள் நீரைத் தெளித்துக்கொண்டு, எல்லாரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

மாமா உள்ளே போக எழுந்தார். "அக்கா, தண்ணிய மட்டும் வடிச்சிட்டு வந்துடுறேன். இதுக்கு மேல ஊறக்கூடாது."

"காட்டுக்குப் போய்ட்டு வந்த கையால சாமிகிட்ட இருக்கிற வெதையத் தொடுவியா?"

"மொளச்சிரும்கா."

"மொளச்சா நல்லதுதான? தீட்டுக் கை பட்டு ஒன்னும் வரலன்னா, நாளைக்கு என்னத்தான லா கேப்பாங்க?"

மாமா மறுபடி உட்கார்ந்தார். நானும் சாவு வீட்டிலிருந்து வந்தவள்தான், என்னையும் உள்ளே விடவில்லை. அன்றிரவு நான் வாசல் பாயில் புரண்டபோதெல்லாம் மாமா கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காலையில் குழாய் வந்து குளித்த பிறகு வாளியைத் திறந்தோம். ஒவ்வொரு பயறிலும் அரிசி நுனிபோல வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்க்கிறவள் அவள். முளை கண்டால் அவளுக்கு நல்ல சகுனம்தான்.

"மொள வந்தத காயப்போட்டா செத்துரும்கா. ஒடனே நட்டாகணும்," என்றார் மாமா. நடுவதற்கு மண்ணில் ஈரமே இல்லை. "சாமி காலடியில மொளச்சதுடா. மழ வந்தா எந்திரிக்கும். வாய மூடிக்கிட்டு ஒலத்து," என்றாள் அம்மா.

உலர்த்தினார். முளைகள் நூலாகச் சுருங்கி உதிர்ந்தன. அம்மா புடைத்தபின் விதைகள் பழைய விதைகளாகவே தெரிந்தன. முடிச்சுகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரம் மழை பெய்தது. எல்லாரும் நட்டார்கள்.

ஒன்றும் எழவில்லை. குழியைக் கிளறினால் கூழாகிப்போன பயறும் எறும்பும்தான். முதலில் காக்காயைச் சொன்னார்கள், பிறகு எலியை. கடைசி வீட்டு அத்தையின் வரிசையில் மட்டும் இலை விரிந்ததும் காக்காயும் எலியும் விடுதலை ஆயின. இனிமேல் நடுவதற்கு எந்த வீட்டிலும் சொந்த விதை இல்லை.

குழாயடியில் நான் வாளியோடு நின்றபோது ஒரு பெண் கேட்டாள்: "ஒங்க மாமா ஊறப்போட்டது வெதையாடி, சுண்டலுக்காடி?" இன்னொருத்தி, "தேங்கா துருவிப் போட மறந்துட்டாரு போல," என்றாள். பள்ளிப் பேருந்திலும் சுண்டல் என்பது என் பெயராயிற்று. கூப்பிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மாமாமேல் வந்தது.

ஒரு சாயங்காலம் மண்டோர் எங்கள் வாசலுக்கு வந்தார். பின்னால் பாதி லயம் நின்றது. "வெதயெல்லாம் எப்படிப்பா செத்துச்சு? ஒனக்கு வேல கேட்டு மானேஜர்கிட்ட நான் எந்த மூஞ்சோட போறது?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

அம்மா கதவோரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். அதற்குள் மாமா சொன்னார்:

"ஊறப்போட்டுட்டு அசந்து தூங்கிட்டேண்ணே. விடிஞ்சுதான் பாத்தேன்."

சிலர் சிரித்தார்கள். மண்டோர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். வேலை கிடைக்காது என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் மாமா சிரம்பானுக்குப் புறப்பட்டார். அம்மா வெளியே வரவில்லை; அன்று அடுப்பும் பற்றவைக்கவில்லை. பை தூக்க நான்தான் சாலைவரை போனேன். வழியில் அவர் என்னோடு பேச இரண்டு தடவை முயன்றார். நான் பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தேன். விதை ஊறிய இரவில் அவர் கண் மூடாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ஊர் விதையைக் கெடுத்ததும் போதாமல், மண்டோர் முகத்துக்கு நேரே பொய்யும் சொல்கிற ஒருவர் எனக்கு மாமாவாக வாய்த்தாரே என்று கூசிப்போய், பேருந்து நகரும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.